காய்ந்த கறை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் மக்கர் பண்ணும். என் ஆஸ்பத்திரிச் சலவை வேலை எப்போதும்போல் போகிறது. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒவ்வொரு போர்வையையும் மோந்து பார்த்துத்தான் அனுப்புகிறாள், நோயாளிகள்கூட அவ்வளவு மூச்சு இழுப்பதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் அப்பாவிடம் பேசியது அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. "எவன் உங்களைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது, இந்த வயசுல இதுகூடத் தெரியாதா" என்றாய். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். நீ பாதிக் கதையைக் கேட்டுவிட்டுக் குதித்தாய், மீதியையும் கேட்டுக்கொள்.

வீடு அப்பா பேரிலும் பெரியப்பா பேரிலும் இருப்பது உனக்குத் தெரியும். மாதக் கடைசிக்குள் பெரியப்பா பங்குக்குப் பணம் கொடுத்தால் வீடு நமக்கு, இல்லையென்றால் இரண்டு பேருமாக, நம் தெருவில் அடுக்குமாடி கட்டின கான்ட்ராக்டருக்கு விற்றுவிடுவது என்று பேச்சு. தோள் போனபிறகு அப்பாவைப் பஸ் ஓட்ட விடவில்லை, அதனால் என் சம்பளச் சீட்டைக் காட்டி, வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டோம். பேங்க் வீட்டை மதிப்புப் போட ஒரு பெண்ணை அனுப்பியது. அன்று எனக்குக் காலை ஷிப்ட், அப்பா மட்டும்தான் இருந்தார். துக்க வீட்டுக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வழித்துச் சீவி நின்றிருக்கிறார், பெண் பார்க்க வந்த மாதிரி. அவள் கெட்டவள் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் விரிசல், சமையல் மேடையில் பெயர்ந்த டைல்ஸ், குளியலறைக் கதவின் அடியில் உளுத்த பலகை, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, "இதெல்லாம் புழங்குற வீட்ல இருக்கிறதுதான் ஐயா, சின்னச் சேதம், கடனுக்குத் தடை இல்லை" என்றிருக்கிறாள். பின்னறைக்குள் நுழைந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை. முந்தின நாள்தான் அப்பா கூரைக்கு இரண்டு கோட் அடித்திருந்தார். அவள் ஸ்டூலில் ஏறி, இரண்டு ஊசி வைத்த ஒரு கருவியைக் கூரையில் அழுத்தினாள், அது ஈரம் என்று கத்தியது. பெயிண்டின் ஈரம்தான், வேறென்ன. எதை மறைக்க அடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்பா, "மறைக்க என்னம்மா இருக்கு, அங்க ஒண்ணுமே கிடையாது, சும்மா அழகுக்கு அடிச்சேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் வந்தபோது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒளிக்காமல் சொன்னேன், பழைய ஒழுகல், மேலே தளம் பூசி அடைத்தாகிவிட்டது, அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்குச் சொட்டுக்கூட இறங்கவில்லை, மிச்சம் இருந்தது கறை மட்டும்தான் என்று. அவள் முகம் வாடிப்போயிற்று. "காய்ஞ்ச கறைன்னா பழைய கறைன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன்மா. இப்ப கருவி ஈரம்னு காட்டுது, ஐயா ஒண்ணுமே இல்லைன்னார், நீங்க இருந்துச்சுன்னு சொல்றீங்க. நான் எதை எழுதறது" என்றாள். மறைக்கப்பட்ட ஒழுகல் இருக்கலாம், இன்ஜினியர் பார்த்துச் சான்று கொடுக்கும்வரை கடன் கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். பேங்க் சொன்ன இன்ஜினியருக்கு அடுத்த மாதம்தான் நேரம் இருந்தது. நான் பேங்குக்குப் போய்க் கெஞ்சினேன், யூனிஃபார்மோடு நின்று கெஞ்சினேன், அங்கிருந்தவன் தலையை நிமிர்த்தவே இல்லை. இதே தெருவில் அந்தக் கான்ட்ராக்டர் கட்டிய அடுக்குமாடிச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு இருக்கிறது, குடியிருக்கிறவர்கள் அதில் துணி அடைத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மதிப்புப் போட வந்தவன் காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனான், எல்லா வீட்டுக்கும் கடன் கிடைத்தது. கான்ட்ராக்டருடைய வெடிப்பு யார் கண்ணுக்கும் படாது, நம்முடைய கறைக்கு மட்டும் கருவி வைத்துப் பார்ப்பார்கள். மாதம் முடிந்தது. நேற்று பெரியப்பா கான்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார், அப்பாவும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மழைக்கு முன்னால் காலி பண்ண வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எவன் சொன்னது என்று கேட்டாயே, நீதான் சொன்னாய். மதிப்புப் போட வருகிறார்கள் என்று நான் சொன்ன அன்று, நீ ரயிலில் போய்க்கொண்டே அப்பாவிடம் பேசினாய், உனக்கு ஞாபகம் இருக்காது. "முதல் பார்வைக்குப் பளிச்சுன்னு இருக்கணும்பா, பின்னறைக்கு ஒரு கோட் அடிச்சிடுங்க, கறையைப் பத்தி வாயே திறக்காதீங்க" என்றாய். படித்த பிள்ளை சொல்கிறான் என்று அவர் ஒற்றைக் கையால் இரண்டு கோட் அடித்தார். நீ திட்டின அன்று ராத்திரி என்னிடம், "அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத, ஒத்தையாக் கிடக்கிறான், மனசு விட்டுடுவான்" என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அவர் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. தினமும் ஸ்டூலில் ஏறி, கரண்டியால் அந்தப் பெயிண்டைச் சுரண்டுகிறார், வலிக்கிற தோளோடு. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு இது என்று கேட்டதற்கு, "நான் பொய்யன் இல்லைன்னு தெரியட்டும்" என்கிறார். யாருக்குத் தெரியட்டும் என்று நான் கேட்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையும் உடம்பும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், உன்னை நோகடிக்க இதை எழுதவில்லை. மறந்துவிடாதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட், அப்பா தனியாக இருப்பார், அப்போது போன் பண்ணு. வீட்டைப் பற்றிப் பேச்செடுக்காதே, முதலில் தோள் எப்படி இருக்கிறது என்று கேள், அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல். இன்று காலையில் கறை முழுதாக வெளியே வந்துவிட்டது. நான் ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சருகு மாதிரிக் காய்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா