ஏலும் என்று பழகிய வாய்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். காற்று வேறு. வலது கை விண்ணென்று தெறிக்கிறது. இடது கையால் எழுதுவதால் வரி ஏறி இறங்குகிறது. போகட்டும்.

வியாழன் கண்டியில் மருத்துவ சபை. தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் கை மாட்டி இரண்டு வருஷம். மூன்று விரல் மடங்காது. நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று மறுபடி அளக்கப் போகிறார்களாம். குறைத்து எழுதினால் இப்போதுள்ள கேட் காவல் போய்விடும். திரும்ப ரோலர்.

கொண்டுபோக: பழைய அறிக்கை, எக்ஸ்ரே, அடையாள அட்டை, குடை.

மாலை, தண்ணீர்க் கோப்பையை வலது கையால் தூக்கிப் பழகினேன். ஆறு தடவை. நாலில் சிந்தியது.

"என்னத்துக்குங்க இது?" என்றாள் பெண்டாட்டி செல்வி.

"டாக்டரம்மா முன்னாடி கொட்டிப்புட்டா அசிங்கம்ல?"

துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

ஜூன் 12, வியாழன்

வழக்கம்போல் செல்விதான் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள். கலஹாவில் முதல் பஸ்.

டாக்டரம்மா தன்மையானவர். சிங்களம், கொஞ்சம் தமிழ்.

கோப்பை தூக்க ஏலுமா? ஏலும். சிந்தவில்லை!

வேலைக்குப் போக ஏலுமா? ஏலும்.

நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்க? ஏலும். பாரம் முழுக்க இடது கையில். வலது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

"ஹொந்தயி, நல்லம்" என்று சிரித்து எழுதிக்கொண்டார். பெருமையாக இருந்தது. மடையன் நான்.

திரும்பும் பஸ் பேராதனையைத் தாண்டியது. செல்வி கேட்டாள், "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சொல்லவில்லை. இருபது வருஷம் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் வரிசையாக நின்றவன். அங்கே ஏலாது என்றால் அன்றைக்குக் கூலிக்குப் பேர் விழாது, வீட்டுக்குப் போ என்பார்கள். காய்ச்சலிலும் ஏலும் என்றே சொல்லிப் பழகிய வாய்.

ஜூன் 27, வெள்ளி

கடிதம் வந்தது. கையில் 'முன்னேற்றம்'. திங்கள் முதல் ரோலர். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாமாம்.

"எழுதுங்க" என்றாள் செல்வி. நானே ஏலும் என்று சொல்லிவிட்டு இப்போது எதை எழுத?

ரோலர் ஓடும் சத்தம் நாங்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்கிறது. பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

மழை இல்லை. செல்வி பட்டன் போட வந்தாள். வேண்டாம் என்றேன். சட்டையைத் திறந்து போட்டபடியே இறங்கினேன். வழியெல்லாம் பார்த்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ரோலர் பக்கத்தில் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா. எல்லாரும் நின்றார்கள்.

"என்னப்பா கோலம் இது? பட்டனைப் போடு."

"ஏலாது, ஐயா."

மெஷின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை போல. கிட்டே போய் இன்னொரு தடவை சொன்னேன்.