ஏரிக்கரை வயலுக்குப் பதினாறு பேர்

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து, நான் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே நிற்கும் என் குப்பம்மா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசமும் ஒரு மாசமும் ஆகிறது. நேற்றுதான் நடவு முடிந்தது. இந்த ஓலையை நாளைக்கு உன் படையலுக்கு முன்னால், ஊரார் காதுபட வாசிக்கப் போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

நம் இரண்டு பேருக்கும் வருசா வருசம் வரும் சண்டை உனக்கு மறந்திருக்காது. நடவென்றால் நீ பதினாறு பேரைக் கூப்பிடுவாய். அதில் ஒன்பது பேருக்குத்தான் கைவேகம். மற்ற ஏழு பேரில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருப்பாள். எல்லம்மாவுக்குக் கண் மங்கல். பொன்னி ஒரு முடி நாற்றை நடுவதற்குள் மூன்று கதை சொல்லிவிடுவாள். அஞ்சலை காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறவள், சேற்றில் இறங்கவே மாட்டாள். ஏரிப்பக்கத்து வரப்பில் உட்கார்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பாள். உச்சிவேளைக் கூழுக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிடுகிறாள் என்று நான் குத்திக்காட்டுவேன்.

"ஒம்போது பேரு செய்யற வேலைக்கு இன்னாத்துக்கு இத்தினி பேரு?" என்று கேட்பேன்.

"வந்தவள திருப்பி அனுப்ப எனக்கு வாய் வராதுடா. உனக்கு வந்தா நீ அனுப்பு" என்பாய். நீ இருந்தவரைக்கும் எனக்கும் வரவில்லை.

நீ புரட்டாசியில் போனாய். ஐப்பசியில் எனக்கு வாய் வந்துவிட்டது. வரப்பில் வந்து நின்ற ஏழு பேரையும் திருப்பி அனுப்பினேன். ஒன்பது பேரும் அதே மூன்று நாளில் அதே வயலை நட்டு முடித்தார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. பார்த்தாயா அக்கா, நான் சொன்னதுதானே நடந்தது என்று உன்னிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது.

அந்த ஏழு பேரும் பழவேற்காட்டுக்குப் போனார்கள். கடல் தாண்டி வந்த உலாந்தாக்காரர் கோட்டைக்கு மதில் பூசுகிறார்கள் இல்லையா, ஏரியில் கிளிஞ்சல் வாரிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்க ஆள் வேண்டுமாம். வேலைதான் கிடைத்துவிட்டதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

கார்த்திகையில் ஒரு பெருங்காற்று அடித்தது. கடல் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறியது. நாலைந்து நாளில் ஏரிக்கரை வயலில் பயிர் நுனி வெளுக்க ஆரம்பித்தது. பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவினேன். ஒருநாள் வரப்பில் நடக்கும்போது கால் உள்ளே போனது. குனிந்து பார்த்தால் நண்டு வளை. வரப்பு நெடுக வளை. அந்த வழியாகத்தான் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்திருக்கிறது.

அஞ்சலை இத்தனை வருசமாக அந்த வரப்பில் மண்ணைத் தட்டி எதை அடைத்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வயலில் ஒரு மரக்கால் நெல்கூடத் தேறவில்லை. "அஞ்சலைய மட்டும் விட்டுடாத" என்று படுக்கையில் கிடந்தபோது சொன்னாயே, உன் இரக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? காரணம் சொல்லாமலே நான் கேட்பேன் என்று நம்பினாயோ?

அவளைத் தேடிப் போக எனக்கு ஆடி மாசம் ஆயிற்று. எந்த முகத்தோடு போவது? சூளையோரம் கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு பட்டு விரல் நுனியெல்லாம் வெந்திருந்தது.

"இன்னா நைனா, நண்டு வந்துச்சா?" அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"வந்துச்சு. நீ ஏன் அப்பவே சொல்லல?"

"நீ இன்னா வேல செய்யறேனு ஒரு வார்த்த கேட்டியா? வேணாம்னு தான சொன்ன."

திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட்டேன். சல்லடையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"ஏழு பேரா அனுப்புன. ஏழு பேரா கூப்புடு. நண்டுக்குப் பயந்துகினு என்ன மட்டும் கூப்புடாத."

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அஞ்சலைக்கு ஒரு வேலை இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. சரி, எல்லம்மாவுக்கு? பொன்னிக்கு? ஒவ்வொருத்திக்கும் ஏதாவது ஒரு உபயோகம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நடவு நாளில் ஒரு கலயம் கூழ் குடிக்க, ஒவ்வொருத்தியும் ஒரு நண்டு வளையைக் காட்டியாக வேண்டுமா அக்கா?

அஞ்சலை போக மற்றவர்களையும் தேடிப் போனதில் ஐந்து பேர் வருகிறோம் என்றார்கள். பொன்னியைக் காணவில்லை. பங்குனியில் சூளை வேலை ஓய்ந்திருந்தபோது, இரண்டு வேளையும் சோறு என்று எவனோ சொன்னதை நம்பிக் கைப்பிள்ளையோடு கப்பல் ஏறிவிட்டாளாம். எந்தத் தேசத்துக் கப்பல், எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. "கப்பல் திரும்பி வரும், போனவங்க வர மாட்டாங்க" என்றார் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர். கப்பலில் ஏற்றியவன் எவனோ. அவள் எங்கேயும் போகாமல் நம் வயலில் நின்றிருப்பாள், நான் அனுப்பாமல் இருந்திருந்தால். இதை நினைக்காத நாள் இல்லை.

அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அவ எடத்துல யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

நடவு நாளில் ஒன்பது பேரும் வந்தார்கள், அந்த ஐந்து பேரும் வந்தார்கள். அஞ்சலை வரப்பில் போய் உட்கார்ந்தாள். வரிசையில் பொன்னி நிற்கும் இடம் காலியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன்.

ஊரே சிரித்தது. ஆம்பிள்ளை நாற்று நடுவதை யார் பார்த்திருக்கிறார்கள்? "நைனா, நாத்துக்கு எது வேரு, எது தலைனு பாத்து நடு" என்றாள் எல்லம்மா. கண் மங்கலானவள் என்னை இரண்டு தடவை தாண்டிப் போனாள். உச்சிவேளைக்குள் இடுப்பு கழன்று போயிற்று. எல்லாரும் கரையேறிய பிறகும் என் வரிசையில் பாதி மிச்சம். கூழுக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது, அங்கேயே நின்றேன்.

அஞ்சலை வரப்பிலிருந்து கலயத்தை நீட்டினாள். "மொதல்ல நீ குடி நைனா. மிச்சத்த அப்புறம் நடலாம்."

வாங்கிக் குடித்தேன். என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை அக்கா.

இனி நான் குனிய முடிகிறவரைக்கும் ஏரிக்கரை வயலுக்குப் பதினாறு பேர்தான். கரைக்கு வரும் ஒவ்வொரு கப்பல் ஆளிடமும் பொன்னியைப் பற்றி விசாரிப்பேன். அவள் வந்து நிற்கும் நாளில் கரையேறி, அவள் இடத்தை அவளுக்கே விடுவேன்.

நட்டவர்களில் கடைசியாகக் கரையேறிய,
உன் தம்பி.