மூன்று நிமிடப் பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய். அதனால் நேராகவே கேட்கிறேன்: வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? பேரனை இடது கையால் தூக்கு. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அண்ணன் நடுவில் புகுந்து "ஏன்டி, அந்த டப்பாவை இன்னும் தூக்கிப் போடலையா?" என்பான், நீ சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. தனியாக உட்கார்ந்து படி.

ஆமாம், டப்பாவைப் பற்றித்தான். நீ ஒன்பது வருஷம் டைப் அடித்த கம்பெனி, பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டது. இரும்புக் கடையில் கிடந்த ஒன்றை நான் எடுத்து வந்தேன். பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் பதினான்கு என்று எழுதியிருக்கிறது. அது உன்னுடையதா, உன் பக்கத்து சீட்டுக்காரியுடையதா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் நீ சொல்வதில்லை.

உள்ளே பேட்டரி கசிந்து மின்சுற்றுப் பலகையை அரித்திருந்தது. துடைத்து, அறுந்த தடங்களுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்தேன். விசைப்பலகையில் அம்புக்குறி விசை அமுங்கியே இருந்தது. கழற்றிப் பார்த்தால், பக்கவாட்டில் ஒரு ஹேர்பின் செருகியிருந்தது. குப்பை என்று நினைத்து, பழைய திருகாணிகள் போட்டுவைக்கும் டப்பாவில் எறிந்தேன்.

மெஷினுக்குள்ளேயே மாட்டியிருந்த பிளாப்பித் தட்டில் பூஞ்சை. பதினோரு முறை படிக்கவைத்த பிறகுதான் உங்கள் ஆபீஸ் புரோகிராம் முழுசாக வந்தது. அதை லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு ஓடவிட்டேன். புது மெஷினைப் பழைய மெஷின் மாதிரி நடிக்க வைப்பதுதான் எமுலேட்டர். ஓடியது. ஆனால் மூன்று நிமிடம் எதையும் தட்டாமல் இருந்தால் வீலென்று கத்திவிட்டுத் திரை பூட்டிக்கொண்டது. சூப்பர்வைசரைக் கூப்பிடு என்று பச்சை எழுத்தில் வந்தது. எமுலேட்டரில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினேன். பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து காப்பாற்றும் எங்கள் சங்கத்து ஆட்களும் தேடினார்கள். கடைசியில் நானே புரோகிராமைப் பிரித்து வரி வரியாகப் பார்த்தேன். கோளாறே இல்லை அம்மா. அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பூட்டைத் திறக்க சூப்பர்வைசரின் ரகசியச் சொல் வேண்டும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் சீட் எண்ணும் நேரமும் தனியாகப் பதிவாகிறது.

மூன்று நிமிடத்தில் கழிவறைக்குப் போய்வர முடியுமா? நீங்கள் இருந்தது இரண்டாவது மாடி. கழிவறை கீழே, கிடங்குக்குப் பின்னால்.

அப்போதுதான் ஹேர்பின் புரிந்தது. திருகாணி டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே செருகி, பழைய மெஷினிலேயே புரோகிராமை ஓடவிட்டேன். அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டே இருந்தது. தட்டிய எழுத்துகளை எண்ணும் கணக்கில் ஒரு எழுத்தும் ஏறவில்லை, பூட்டும் விழவில்லை. பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கம்பெனியின் மூளையை ஒரு ஹேர்பின் ஏமாற்றியிருக்கிறது! உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "குழந்தை அழுவுறான்" என்று வைத்துவிட்டாய். எனக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கம்பெனிக்கு ஐம்பதாவது ஆண்டு. புதுக் கட்டடத்தின் வரவேற்பறையில் இந்த மெஷினை வைக்க வேண்டுமாம். அவர்களுடைய விளம்பர அதிகாரி சங்கத்துக்கே வந்தார். மஞ்சளாகிப்போன உடம்பை வெளுத்துத் தரணுமாம், தேய்ந்த விசைகளை மாற்றணுமாம். பூட்டைச் சொன்னதும், "அதை எடுத்துடுங்க மேடம், விருந்தாளிங்க முன்னாடி கத்தினா அசிங்கம்" என்றார். அசிங்கம் யாருக்கு சார் என்று கேட்டேன். சங்கத் தலைவர் என்னை ஓரமாக இழுத்து, "நாம மெஷினைக் காப்பாத்துறவங்கம்மா, வம்பு நமக்கெதுக்கு" என்றார். போன மாதம்தான், ஒரு திருகாணி அந்தக் காலத்து நிறத்தில் இல்லை என்று இதே மனிதர் மூன்று மணி நேரம் சண்டை போட்டார். "திருகாணி மாறினா துரோகம், இது மாறினா பரவாயில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். இருவர் என் பக்கம் வந்தார்கள். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மெஷினைத் தர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் பழைய சூப்பர்வைசர் உனக்குப் போன் செய்ததும் தெரியும். அவர்தான் இப்போது விழாவின் கௌரவ விருந்தினர். "அந்த மனுஷன் உங்கண்ணனுக்கு வேலைக்குச் சொன்னார், அவர் மூஞ்சியில கரியைப் பூசாதே" என்று நீ சொன்னாய். நான் கரி பூசவில்லை. அவர் தினமும் ஓட்டிய புரோகிராமை, ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்டப்போகிறேன். அது கரியாகத் தெரிந்தால் நான் என்ன செய்வது? அண்ணன் கெட்டிக்காரன், அவன் வேலை அவன் திறமையில் நிற்கும். ஒரு சிபாரிசுக்காக நீ எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பாய்?

அவர்கள் விழா நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, பொது நூலகத்தின் முன்னறையில் மெஷினை வைக்கிறோம். நூலகர் ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் தந்திருக்கிறார். வெளுக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. வருகிறவர்கள் உட்கார்ந்து தட்டலாம், நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஏன் பூட்டுகிறது என்று கேட்பார்கள். புரோகிராமை நான் விளக்குவேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. உனக்குத்தான் இருக்கிறது. உன் பக்கத்து சீட் அத்தையையும் தேடிப் பிடித்துவிட்டேன். "உங்கம்மா வந்தா நானும் வர்றேன்" என்கிறாள். நீ மேடையேறிப் பேச வேண்டாம். வந்து நின்றால் போதும். வாயைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

பேரனை அண்ணன் ஒரு நாள் பார்த்துக்கொள்ளட்டும், கை தேய்ந்துவிடாது. சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் ஏறு. வெளியே கிளம்புவதென்றால் காலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாய். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பழக்கம் என்பாய், உடம்புவாகு என்பாய், நானும் நம்பினேன். இந்தத் தடவை வேண்டாம் அம்மா. வயிறு நிறையக் குடித்துவிட்டு ஏறு. வழியில் தேவைப்பட்டால் பேருந்தை நிறுத்தச் சொல். நிறுத்தாவிட்டால் எழுந்து நின்று சத்தம் போடு. மொத்தப் பேருந்தும் உனக்காகக் காத்திருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் வாயாடி மகள்