விஜயதசமி வகுப்பு

என் மகளுக்கு,

நீ சிட்னியிலிருந்து அடம்பிடித்துச் சேர்த்துவிட்ட 'தாய் சி' என்ற சீன உடற்பயிற்சி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறேன். சீனத்து மாஸ்டரும் மனைவியும் மாதக்கணக்காக எனக்கு நிற்கத்தான் சொல்லித்தந்தார்கள். பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றி, மெதுவாக.

இன்று விஜயதசமி. வெற்றிலைத் தட்டத்தைக் கொடுத்துவிட்டு, முழந்தாளிட்டு மாஸ்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். மயங்கிவிட்டேன் என்று நினைத்து அவர் அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்.

"ஒண்டுமில்லை மாஸ்டர், கும்பிடுறன்" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் நானே எழும்பினேன். மனைவி கைதட்டினார். முன்பு விழுந்து, பக்கத்து வீட்டார் வரும்வரை எழும்ப முடியாமல் குளியலறையில் கிடந்தவள் நான்! உனக்குத்தான் நன்றி, பிள்ளை.

அடுத்த கிழமை நீ இங்கே வரும்போது, முதியோர் இல்லம் பார்க்க வியாழக்கிழமை என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னாய். அன்று எனக்கு வகுப்பு இருக்கிறது.

அம்மா