ஓலைக் கூரைக்கு ஒரே வாசல்

14-5-2003, புதன். எர்ணாவூர்.

ஒரு வாடிக்கையாளர் காட்டுக்குள் கட்டப்போகும் சின்ன வீட்டின் வரைபடத்தை முடித்துவிட்டேன். அந்த இடத்து மண்ணில் சுவர், மூங்கில் சட்டம், பனையோலைக் கூரை. ஆபீசில் எல்லோருக்கும் பிடித்தது.

வீட்டில் மனைவி மல்லிகா பார்த்தாள். "ஓலக் கூரைக்கு ஒரே வாசல் வச்சிகீற. நெருப்பு புட்ச்சா எப்டி ஓடுவாங்க?"

கல்யாணமாகிக் குடிசையில் இருந்தவரை பின்பக்கத் தட்டியை நாங்கள் இறுகக் கட்டியதே இல்லை. ஓர் உதையில் திறக்கும். தூக்கிக்கொண்டு ஓட ரேஷன் கார்டு பெட்டி வாசலருகேதான் இருக்கும். கான்கிரீட் வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் மறந்திருக்கிறேன்.

பின்வாசல் வரைந்தேன்.

"பொட்டிய எங்க வைப்பாங்க?" என்றாள்.

வாசலருகே சின்னதாக ஒரு கட்டம் போட்டேன். இன்ஜினியர் கேட்டால் செருப்பு அலமாரி என்று சொல்லிவிடுவேன்.