கேமராவுக்கு வைத்த சந்தனம்

ரெங்கராஜுக்கு,

நேற்று நீ காரை ரிவர்ஸில் வீட்டுக்குள் விட்டபோது வாசலில் நின்றது நான், உன் அம்மா, சுபலட்சுமி, முசிறியிலிருந்து வந்த அவள் அப்பா. இத்தனை பேர் முன்னால்தான் சொன்னாய்: "அப்பா, தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கிறதாலதான் ஸ்கிரீன் கத்துது." சம்பந்தி சிரித்தார்.

நம் பழைய மாருதிக்குப் புது டச் ஸ்கிரீனும் பின்னால் கேமராவும் வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. பாட்டுக் கேள், வழி பார். ஆனால் கார் வந்த நாள் முதல் பின்னால் நின்று "வரலாம், வரலாம், ஒடிச்சு வா" என்றவன் நான். ஒரு கீறல் விழுந்ததுண்டா? நான் 'நிறுத்து' என்றால் நீ கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பாய். அது கீச்சென்றால் உடனே பிரேக் போடுகிறாய்.

சம்பந்தியைச் சாப்பிடாமல் அனுப்பாதே. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏற்றிவிடு. கார் சாவி சாமி அலமாரியில் இருக்கிறது. மணப்பாறைக் கல்யாணத்துக்கு நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன். அதுவரை, வெளியே எடுத்த கார் தெருவிலேயே நிற்கட்டும், உள்ளே விடாதே.

அப்பா

பி.கு.: காலையில் நான் பொறாமையில் கேமராமேல் சந்தனத்தை அப்பினேன் என்று உன் அம்மா சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறாள். பொய். புதுப் பொருள் எது வந்தாலும் இந்த வீட்டில் சந்தனம், குங்குமம் வைப்போம். இதற்கும் வைத்தேன். அது கேமராவின் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். இன்று வெள்ளிக்கிழமை, துடைக்காதே.