சூசை இங்கிலீசு படிக்கிறான்

வைகாசி 12, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கடைக்குள் முழுக்க மண். வடைத் தட்டை மூடி மூடிக் கை அலுத்தது. சீனி முடிகிறது.

சூசை இன்றைக்கும் சீட்டுக்கு வரவில்லை. பொழுதுபட்டால் என் தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையில் நாலு பேர் விளையாடுவோம். நானும் அவனும் எப்போதும் ஒரு சோடி. அவன் மூக்கைத் தடவினால் கையில் துரும்பு இருக்கிறது. நான் இருமினால் என்னிடம் இல்லை. ஊர் முழுக்கச் சந்தேகம், ஒருவரும் பிடித்ததில்லை. இப்போது அவன் இடத்தில் வண்டில்காரக் கணபதி. நான் இருமினால், "பேதுரு அண்ணை, மல்லித்தண்ணி அவிச்சுக் குடியுங்கோ" என்கிறான். தோற்றோம்.

சூசை மலாயாப் பென்சன்காரர் வீட்டில் இருக்கிறானாம். என் பெண்சாதி திரேசா சொன்னாள். அந்த மனிசன் அங்கே றெயில்வேக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்துப் பென்சனோடு வந்து, கல்வீடு கட்டி, இந்த வெக்கையிலும் கோட்டோடு திரிகிறவர். எதைச் சொன்னாலும் 'ஐ சே' என்றுதான் தொடங்குவார். அதனால் நான் வைத்த பெயர் ஐசே. ஊரில் நன்றாகப் பிடித்துவிட்டது.

வலை இழுக்கிறவனுக்கும் ஐசேக்கும் என்ன கதை?

வைகாசி 13, புதன்

காலையில் சூசை தேத்தண்ணிக்கு வந்தான்.

"பின்னேரத்திலை எங்கையடா போறனி?"

"சும்மா. ஐயாவோடை இருந்து கதைக்கிறனான்."

"ஐயாவோ! என்ன கதை?"

"இங்கிலீசு."

எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். எழும்பும்போது "சோ லோங், மச்சான்" என்றான். போயிட்டு வாறன் என்று அர்த்தமாம். முகத்தில் ஒரு வெளிச்சம். என்னோடு சீட்டில் வென்ற நாளிலும் அப்படி ஒரு வெளிச்சம் கண்டதில்லை.

பின்னேரம் ஐசே வீட்டு வேலியோடு கொஞ்ச நேரம் நின்றேன். ஆடு தேடுகிற சாட்டு. என்னிடம் ஆடு இல்லை. கேட்டவை:

கெற் அப் - எழும்பு.
கெற் இன் - ஏறு.
கெற் ஓஃப் - இறங்கு.
கெற் அவுட் - இது எனக்கும் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் ஒருக்கால் எனக்கே சொன்னார்கள்.

ஒரு சொல்லை வைத்தே எல்லா வேலையும் பார்க்கிறான். வெள்ளைக்காரன் சொல்லிலும் கஞ்சன்.

லுக் ஆஃப்ரர் என்றால் பின்னால் பார்ப்பது இல்லையாம். பராமரிப்பதாம்.

ஐசே சொல்கிறார்: "ஐ சே, சூசை, புத்தக இங்கிலீசு உமக்கு வேண்டாம். குசினியிலை கதைக்கிற இங்கிலீசு காணும்."

எந்தக் குசினி? பெண்சாதி செத்த பிறகு சூசையின் குசினியில் அவனும் ஒரு சட்டியும்தானே.

வைகாசி 15, வெள்ளி

மீன் இல்லை. காற்று. சூசை கரையில் வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தான். போய்ப் பக்கத்தில் குந்தினேன். அவனாகவே மகனின் கதையைச் சொன்னான்.

"அந்தோனி மலாயாவுக்கு வரச்சொல்லிக் கேக்கிறான் மச்சான். பெடியன் பிறந்திருக்கெல்லே. மருமகள் றோஸ் அங்கை பிறந்து கொன்வெந்திலை வளந்த பிள்ளை. தமிழ் ரெண்டு சொல்லுத்தான் வரும். அந்தோனி றெயில் வேலையெண்டு போனால் நாள்கணக்கிலை வரமாட்டான். வீட்டிலை நானும் அந்தப் பிள்ளையும்தான். ஊமை மாதிரிப் போய்க் குந்தியிருக்க ஏலாது."

"எப்ப திரும்பி வருவாய்?"

வலைக்கண் ஒன்றை முடித்துவிட்டுத்தான் சொன்னான். "இந்த வயசிலை போறவன் திரும்பி வாறதுக்கோ போறது?"

"ஏனடா எனக்கு முதல் சொல்லேல்லை?"

"நீ பகிடி பண்ணுவாய்."

பண்ணுவேன்தான். இருந்தாலும் சொல்லியிருக்கலாம். ஐசேக்குச் சொன்னவன் எனக்குச் சொல்லவில்லை.

ஐசேயில் எரிச்சல். அதைவிட, கண்ணால் காணாத அந்தப் பெட்டையில். பல்லு முளைக்காத ஒரு குழந்தையிலும். இதை வாய்விட்டுச் சொன்னால் திரேசா விளக்குமாறு எடுப்பாள். எழுதிவைக்கிறேன்.

வைகாசி 17, ஞாயிறு

பூசை முடிந்து கடை நிறைய ஆட்கள். சூசை வந்து மூலையில் இருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சீனிச் சாக்கைக் கோட்டாகப் போட்டுக்கொண்டேன்.

"ஐ சே, மிஸ்ரர் சூசை! மருமகள் 'கெற் இன்' எண்டால் நீர் ஓடித் தப்புவீர். 'கெற் அவுட்' எண்டால் கோப்பையோடை சாப்பிடக் குந்துவீர்!"

கடை அதிர்ந்தது. கணபதி வேறு: "சூசை அண்ணை, கணவாய்க்கு இங்கிலீசிலை என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் சிரிப்பு.

"எங்கை, ஒரு வசனம் சொல்லு மச்சான், சனம் கேக்கட்டும்" என்றேன். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. காது சிவந்தது. தேத்தண்ணி பாதியில். போய்விட்டான்.

என் பகிடிக்கு முதலில் சிரிக்கிறவன் அவன்தான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. நல்ல வியாபாரம்.

வைகாசி 19, செவ்வாய்

சூசை சீட்டுக்கு வந்துவிட்டான்! எனக்கு எதிரே, பழைய இடத்தில். மூக்கைத் தடவினான். வென்றோம்.

"படிப்பு?"

"விட்டிட்டன். எனக்கு ஏலாது. மலாயாவும் வேண்டாம். அந்தோனிக்கு அறிவிக்கச் சொல்லி ஐயாவிட்டைச் சொல்லிப்போட்டன்."

ஐசேயும் தோற்றார், றோசும் தோற்றாள். ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திரேசா கேட்டாள், "சூசையண்ணையும் சாப்பிட வாறாரோ?"

கூப்பிட்டேன். பசியில்லை என்றுவிட்டான்.

வைகாசி 20, புதன்

வெயில் கொளுத்துகிறது. ஐசே கடைக்கு வந்தார், முதல் தரம். கோட்டுப் பையிலிருந்த கைலேஞ்சியால் வாங்கைத் துடைத்துவிட்டு இருந்தார்.

"ஐ சே, பேதுரு. நல்லாய்ப் பகிடி விடுவீராம்."

"ஏதோ, ஐயா."

"சூசை நல்லாய்ப் படிச்சுக்கொண்டு வந்தவர். பிழை விட்டால் தானே சிரிச்சுப்போட்டுத் திருப்பிச் சொல்லுவார். இப்ப வாய் திறக்கிறாரில்லை. ஞாயிற்றுக்கிழமை இஞ்சை என்ன நடந்தது?"

நான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே நின்றேன். அது எப்போதோ ஆறிவிட்டது.

"நான் மலாயாவுக்குப் போன புதிசிலை கந்தோரிலை ஒருத்தன் என்ரை இங்கிலீசைக் கேட்டுச் சிரிச்சவன். அதுக்குப் பிறகு கனகாலம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. சாப்பாட்டுக் கடையிலை கூட விரலாலைதான் காட்டினனான். சிரிச்சவன் அடுத்த நாளே மறந்திருப்பான்."

குடித்தார். "தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றார். போனார்.

அந்த மனிசன் நல்லவனாக இருப்பது எனக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை.

வைகாசி 21, வியாழன்

சீனி வந்தது. ஈரச் சீனி.

சீட்டில் தோல்வி. சூசை கையில் நல்ல துரும்பை வைத்துக்கொண்டே சும்மா இருந்தான். மூக்கைத் தடவவும் மறந்துபோனான். இடையில், சீட்டைப் பார்த்தபடி, "பெடியன் தவழத் தொடங்கிட்டானாம்" என்றான். அவ்வளவுதான்.

வீட்டில் திரேசா: "வேணுமெண்டது கிடைச்சிட்டுதுதானே. பிறகேன் மூஞ்சி இப்பிடி?"

"உப்புக் கூடிப்போச்சு" என்றேன்.

"இன்னும் சாப்பாடே போடேல்லை" என்றாள்.

வைகாசி 23, சனி

கடையை வேளைக்குப் பூட்டினேன். ஐசே வீட்டுக்கு, இந்தத் தரம் வாசலால். மனிசன் கோட்டில்லாமல் பெனியனோடு இருந்தார். உள்ளே பார்த்தால் எங்களைப் போலத்தான், எலும்பு.

"ஐயா, மலாயாவிலை ஒரு மருமகள் மாமனிட்டை என்னென்ன கேப்பாள்?"

என்னைத் திண்ணையில் இருத்தினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

ஹவ் ஆர் யூ கெற்றிங் ஓன் - எப்படிப் போகுது. மறுபடியும் அந்தக் கெற்!
ஃபீலிங் அண்டர் த வெதர் - உடம்பு சுகமில்லையோ.
ரக் இன் - கூச்சப்படாமல் அள்ளிச் சாப்பிடுங்கோ.
புற் யுவர் ஃபீற் அப் - காலைத் தூக்கிப் போட்டு ஆறுங்கோ. மருமகள் மாமனுக்குச் சொல்கிற சொல்லா இது? அங்கே சொல்வார்களாம். காலம்.

மூன்றாம் வகுப்போடு விட்ட மண்டை. ஒன்றை ஏற்ற மற்றது இறங்குகிறது. வெங்காயம் உரிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். திரேசா, "ஆருக்கு மந்திரம் போடுறியள்?" என்று கேட்டாள்.

வைகாசி 24, ஞாயிறு

காற்றுக் குறைவு. பூசைக்குப் பிறகு திரேசாவின் நீலச் சேலையை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனேன். சூசை வீட்டுப் படலையில் நின்று தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டேன். அவன் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா கோலம் இது?"

"ஐ ஆம் றோஸ். ஹவ் ஆர் யூ கெற்றிங் ஓன், அப்பா?"

"போடா. பகிடிக்கு எனக்கு மனமில்லை."

"பகிடியில்லையடா. வெளிநாட்டிலையிருந்து ஒரு பிள்ளை கேக்குது, மறுமொழி சொல்லன்."

முற்றத்தில் நடந்து காட்டினேன். பக்கத்து வளவுச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. கணபதியும் வண்டிலை நிறுத்திவிட்டான். "பேதுரு அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது!" சிரிப்பென்றால் சிரிப்பு. பிடிக்கட்டும். சிரித்தது என்னைப் பார்த்து. சூசையை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஃபைன், தாங்க் யூ" என்றான் சூசை, மெதுவாக, வலைக்குச் சொல்வதுபோல. பிறகு, "ஹவ் இஸ் த பேபி?"

எனக்குக் குழந்தைக்கு மறுமொழி தெரியாது. "பேபி ஃபீலிங் அண்டர் த வெதர்" என்றேன்.

"டேய், பிள்ளைக்கு வருத்தமெண்டு சொல்லாதையடா!" என்று பாய்ந்து வந்தான். அதற்குப் பிறகு நிற்கவில்லை. நான் ஒன்று கேட்க அவன் இரண்டு சொன்னான். நான் சிக்கிய இடத்தில் எடுத்தும் கொடுத்தான். கடைசியில் முக்காட்டைப் பார்த்தான், என் மீசையைப் பார்த்தான், நீளமாக ஏதோ இங்கிலீசில் சொன்னான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். சிரிப்புத் தாங்காமல் வலையில் விழுந்து இருந்துவிட்டான்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னடா சொன்னனி?"

"அது உனக்கில்லை மச்சான். றோசுக்கு வைச்சிருக்கிறன்."

மலாயாவுக்கு வாறன் என்று அந்தோனிக்கு எழுதச் சொல்ல, அங்கிருந்தே நேரே ஐசே வீட்டுக்குப் போனான். பாதி வழியில் திரும்பி, "நாளைக்கும் வாடா" என்று கத்தினான்.

குடுத்துவைத்த பெட்டை.

சேலை வலையில் கொளுவி ஒரு முழம் கிழிந்துவிட்டது. மடித்து அடியில் வைத்திருக்கிறேன். திரேசா இன்னும் அலுமாரியைத் திறக்கவில்லை.